வீட்டுத் தனிமையில் இதயத்தையும் கவனிப்போம்

2020-ஆம் ஆண்டின் கோடையை வடசென்னை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா தொற்று எண்ணிக்கையில் சென்னையின் மண்டலங்களுள் இராயபுரம் பல வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதனை அடுத்துள்ள கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளிலும் வீட்டுக் கதவுகளில் தனிமைப்படுத்தல் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. தெருமுனைகள் தகரத்தால் அடைக்கப்பட்டன.

அந்தக் கட்டுப்பாடு தேவையற்றது என்று நாங்கள் கூறவில்லை. தொற்று பரவாமல் தடுக்க அன்று வேறு வழி குறைவு. ஆயினும் இதய நோயாளிகளைப் பார்த்துவரும் மருத்துவர்கள் என்ற முறையில் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். முகக்கவசம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லி நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பினோம். தனிமையில் மனம் சோர்ந்தால் யாரிடம் பேசுவது, நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்பதை அதே அழுத்தத்துடன் சொல்லவில்லை.

மனத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் பேச்சுவழக்கு அன்று. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது முக்கியக் காரணிகளுள் மன அழுத்தத்தையும் சேர்த்தது. 2016-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிமையிலும் சமூகத் தொடர்பின்றியும் வாழ்வோருக்கு இதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 29 விழுக்காடும், பக்கவாதம் வரும் வாய்ப்பு 32 விழுக்காடும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. இது நீண்ட காலத் தனிமையைப் பற்றிய கணக்கு. பதினான்கு நாள் வீட்டில் இருந்தாலே மாரடைப்பு வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே இரத்த அழுத்தமோ, சர்க்கரை நோயோ, இதய அடைப்போ உள்ளவருக்குக் குறுகிய காலத் தனிமையும் சுமையே.

அச்சமும் கவலையும் நீடிக்கும்போது உடலில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய சுரப்புகள் மிகுகின்றன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, தூக்கம் கெடுகிறது. இவற்றோடு நடைப்பயிற்சி நின்றுபோகிறது. காய்கறி வாங்க ஆளில்லாமல் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தட்டில் மிகுவதால் உப்பு ஏறுகிறது. பீடியும் சிகரெட்டும் சிலருக்குத் துணையாகிவிடுகின்றன.

நம் பகுதியின் வீடுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் அறை, ஒரு சமையலிடம், பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயும் கழிப்பறையும் என்ற நிலையில் வாழ்வோர் இங்கு ஏராளம். தனி அறை என்பது அவர்களுக்கு வெறும் சொல். ஒருவர் உள்ளே படுத்தால் மற்றவர்கள் வாசலில் உறங்க வேண்டும். துறைமுகத்திலும் சரக்கு இரயில் முனையத்திலும் கன்டெய்னர் லாரியிலும் உழைப்பவருக்கு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போவதும், ‘என்னால்தானே இவ்வளவும்’ என்ற குற்ற உணர்வும் நோயைவிட மிகுதியாக வாட்டுகின்றன.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து தாமதமே. 2020 மார்ச் நடுப்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக இந்திய இதயவியல் கழகத்தின் ஆய்வு காட்டியது. மாரடைப்பு திடீரெனக் குறைந்துவிடவில்லை. பலர் வரவில்லை அல்லது வர இயலவில்லை. கதவில் ஒட்டிய தாளை மீறக் கூடாது என்று நெஞ்சுவலியைப் பொறுத்துக்கொண்டு, இதயத் தசை பெரிதும் பாழான பின்னரே வந்தவர்களை நாங்களும் கண்டோம். அவர்கள் சட்டத்தை மதித்தவர்கள். அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கொரோனா காலம் முடிந்துவிட்டது. வீட்டுத் தனிமை முடியவில்லை. காய்ச்சலுக்கும் காசநோயின் தொடக்க வாரங்களுக்கும் இன்றும் தனித்திருக்கச் சொல்கிறோம். அம்மை கண்டால் வேப்பிலை கட்டி ஒருவரைத் தனியே படுக்க வைப்பது நம் வழக்கம். ஓய்வும் ஒதுக்கமும் நல்லவையே. ஆனால் ‘அம்மை இறங்கும்வரை மாத்திரை கூடாது’ என்று இதய மாத்திரைகளையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

ஆகவே எங்கள் கருத்து இது: தனிமைப்படுத்த வேண்டியது கிருமியை, மனிதரை அன்று. தனிமையில் இருக்கச் சொல்லும் ஒவ்வொரு மருத்துவச் சீட்டிலும் மூன்று வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும்: வழக்கமான மாத்திரைகள் தொடர வேண்டும், நாள்தோறும் ஒருவர் பேச வேண்டும், நெஞ்சுவலி வந்தால் தனிமை விதி பொருந்தாது. அவற்றை எழுதித் தருவது எங்கள் கடமை. எழுதியிராவிட்டால் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

குடும்பத்தார் காலையும் மாலையும் தொலைபேசியிலோ கதவுக்கு வெளியே நின்றோ பேசுங்கள். ‘சாப்பிட்டாயா’ என்பதோடு நிறுத்தாமல், ‘தூங்கினாயா, மாத்திரை போட்டாயா’ என்றும் கேளுங்கள். காய்ச்சல் இல்லாத நாளில் அறைக்குள்ளேயே சிறிது நேரம் நடக்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் தீர்ந்துபோனால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிவு செய்தவர்கள் அதன் பணியாளரிடம் தெரிவிக்கலாம். துயரமும் பதற்றமும் அடங்காவிட்டால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. அதை அழைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியின்றிக் களைப்பும் மூச்சுத்திணறலும் மட்டும் தோன்றலாம். 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். தொற்று இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு முகக்கவசத்துடன் வாருங்கள். உங்களைப் பாதுகாப்பாகப் பார்க்கும் முறை எங்களுக்குத் தெரியும். எந்தத் தாள் கதவில் ஒட்டியிருந்தாலும், நெஞ்சுவலி வந்தவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.