புதிய ஸ்டீரியோவில் பாஸ் எங்கே போயிற்று?

காரில் புதிய ஸ்டீரியோ பொருத்தியபின் ஒலி முன்னைவிட மெலிந்துவிட்டதா? ஸ்பீக்கர்களை மாற்றப் பணம் எடுத்து வைக்காதீர்கள். நானும் ஒருமுறை நான்கு ஸ்பீக்கர் வாங்கக் கடைவாசல்வரை போய்த் திரும்பியவன்தான். குற்றம் ஒரேயொரு ஜோடி வயரில் இருந்தது!

பேலன்ஸை முழுவதும் இடப்புறம் திருப்பிக் கேளுங்கள், பின் வலப்புறம். தனித்தனியே கனமாக ஒலிப்பது, நடுவில் வைத்ததும் வற்றிப்போனால், ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கிறது. ஒன்றின் கூம்பு காற்றை முன்தள்ளும்போது மற்றது பின்னிழுக்கிறது; பாஸ் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

ஸ்டீரியோவை அணைத்து, அதிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். 1.5 வோல்ட் டார்ச் செல்லின் பிளஸை பிளஸ் வயரிலும், மைனஸை மைனஸ் வயரிலும் கணநேரம் தொடுங்கள். கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் அந்த ஜோடியை மாற்றி இணையுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ் வயரை மட்டும் வண்டியின் உடலோடு சேர்த்துவிடாதீர்கள். இக்காலத்து ஸ்டீரியோக்கள் அதனால் பழுதாகக்கூடும்.

எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் ரீங்காரம் வேறு வகை. பெரும்பாலும் எர்த் இணைப்பே காரணம். கறுப்பு வயரைப் பெயிண்ட் சுரண்டிய வெற்றுத் தகட்டில் திருகாணியிட்டு இறுக்கிப் பாருங்கள்.