முள்ளைக் கழட்டாதீங்க சாமி!

ரொம்ப நாளா கடையைத் தொறக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் தொறக்கற உத்தேசம் இல்லை. ஆனா போன வாரம் சக பதிவர் ஒருத்தர் (அவரும் என்னை மாதிரியே சனி ஞாயிறு வந்தா கடலுக்குள்ள போய் மீன் பார்க்கற கேஸு) ஒரு பதிவு போட்டிருந்தார். 'வயர்லெஸ் வந்தாச்சு, பழைய கேஜைக் கழட்டி மியூசியத்துக்கு அனுப்புங்க' என்பதுதான் சாராம்சம். கீழே வரிசையா 'சூப்பர் தல', 'கலக்கல் பதிவு'ன்னு ஒரே கும்மி. நானும் பின்னூட்டம்தான் போட ஆரம்பிச்சேன். அது அனுமார் வால் மாதிரி நீண்டுடுச்சு. அதான் தனிப்பதிவு.

முக்குளிக்காத மக்களுக்காக முதல்ல கொஞ்சம் முன்கதை. தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடுங்க.

ஸ்கூபாக்காரன் முதுகுல இருக்கறது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. தயவுசெய்து கதையில எல்லாம் அப்படி எழுதாதீங்க. நாம இப்போ இழுத்துக்கிட்டிருக்கற அதே சாதாக் காத்துதான், அமுக்கி அடைச்சது. வழக்கமான அலுமினிய சிலிண்டரோட கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் அழுத்தத்துல நிரப்பினா கிட்டத்தட்ட 2,200 லிட்டர் காத்து. (பார்னா அழுத்தத்தோட அளவு. உங்க புத்தி எங்க போச்சுன்னு தெரியும் :-)) தரையில நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கற ஆசாமி, 20 மீட்டர் ஆழத்துல அதே நிமிஷத்துக்கு 60 லிட்டர் இழுப்பார். 30 மீட்டர்ல 80. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் தண்ணியோட அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுது, நாம இழுக்கற காத்தும் அதே அழுத்தத்துல வருது. அவ்வளவுதான் சமாச்சாரம். ஆக, மிச்சம் எவ்வளவுன்னு தெரியறதுதான் உசுரு.

அதைத் தெரிஞ்சுக்க ரெண்டு வழி. ஒண்ணு, சிலிண்டர் தலையில இருந்து ஒரு ஹோஸ் வந்து அதோட நுனியில தொங்கற முள் கேஜ். உள்ளே இருக்கறது வளைஞ்ச ஒரு உலோகக் குழாய். காத்தழுத்தம் ஏறினா அது நிமிரப் பார்க்கும், முள் நகரும். பிரான்ஸ்ல யூஜின் போர்டோன் 1849-ல் காப்புரிமை வாங்கின சங்கதி. நீராவி எஞ்சினுக்குச் செஞ்சது, இன்னிக்கும் பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல ஆடிக்கிட்டிருக்கு. ரெண்டாவது, ஹோஸே இல்லாம சிலிண்டர் பக்கம் ஒரு டிரான்ஸ்மிட்டரைத் திருகிட்டா, அது மணிக்கட்டுல இருக்கற டைவ் கம்ப்யூட்டருக்கு எண்ணை அனுப்பும். உப்புத்தண்ணிக்குள்ள சாதா ரேடியோ அலை போகாது. அதனால ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண்ல, ஒரு மீட்டர் சொச்சம் தூரத்துக்கு, சில விநாடிக்கு ஒருதடவை ஒரு முணுமுணுப்பு. கார்மின் மாதிரி சிலர் 2020-ல் ரேடியோவையே விட்டுட்டு ஒலியலைக்கு மாறி, 10 மீட்டர் தூரம் வரைக்கும் கொண்டுவந்துட்டாங்க.

முன்கதை முடிஞ்சது. இப்போ சண்டைக்கு வரலாம்.

நண்பர் சொன்ன நல்லதை எல்லாம் முதல்ல ஒத்துக்கறேன். ஹோஸ் இல்லைன்னா பவளத்துல மாட்டாது. உண்மை. நாப்பது வயசைத் தாண்டின கண்ணுக்கு மணிக்கட்டுல பெரிய எழுத்துல தெரியறது வரப்பிரசாதம். அதுவும் உண்மை, அனுபவிச்சுச் சொல்றேன். நாம எவ்வளவு காத்து இழுக்கறோம்னு பதிவாகுது. கூட வர்றவரோட காத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். முள் கேஜ் ஒண்ணும் தேவதூதன் இல்லை, அதுவும் மக்கர் பண்ணும். முள் சிக்கிக்கும், பத்துப் பார் கூடக் குறையக் காட்டும், ஹோஸ் முனையில இருக்கற குட்டி ஓ-ரிங் தேய்ஞ்சு பொடிப்பொடியா குமிழி விடும். எல்லாம் சரி.

ஆனா நண்பா, நீங்க அதோட நிறுத்தல. 'ஹோஸைக் கழட்டுங்க'ன்னு சொல்றீங்க. புதுசா கத்துக்க வர்ற பசங்களுக்கும் அதையே சொல்றீங்க. அங்கதான் எனக்கு வயிறு கலங்குது.

ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை, சோகக் கதை.

தியோமான் தீவு. சிங்கப்பூர்ல இருக்கற மக்களுக்குத் தெரியும். வெள்ளி ராத்திரி பஸ் பிடிச்சு மெர்சிங், அங்கேருந்து ஃபெர்ரி. பக்கத்துல செபேன்னு ஒரு குட்டித் தீவு. தண்ணிக்குள்ள யானை யானையா கருங்கல் பாறை, இடுக்குல நுழைஞ்சு நுழைஞ்சு வரலாம். அப்போ நான் வயர்லெஸுக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. முள் கேஜைக் கழட்டி அலமாரியில போட்டாச்சு. காலையில கம்ப்யூட்டர்ல டிரான்ஸ்மிட்டர் பேட்டரி கம்மின்னு ஒரு எச்சரிக்கை வந்தது. 'இன்னும் ரெண்டு டைவ் தாங்கும்'னு நானே தீர்ப்பு எழுதிட்டு இறங்கிட்டேன்.

இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். 24 மீட்டர். ஒரு பாறை இடுக்குல இருந்து வெளியே வந்து மணிக்கட்டைத் திருப்பினா, எண் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கோடு. கையைத் தூக்கி டிரான்ஸ்மிட்டர் பக்கம் கொண்டுபோனேன். கோடு. ஆட்டினேன். கோடு.

பயந்தது எண் போனதுக்கு இல்லை. 'சரி, கடைசியா எவ்வளவு பார்த்தோம்?'னு யோசிச்சேன் பாருங்க, அப்பதான் வயித்துல புளி கரைச்சது. ஞாபகமே இல்லை! 120-ஆ? 90-ஆ? 50-ஆகூட இருக்கலாம். மணிக்கட்டு பார்த்துக்கும், குறைஞ்சா பீப்பின்னு கத்தும்னு மண்டை அந்த வேலையையே ராஜினாமா பண்ணிட்டிருக்கு.

கூட வந்த நண்பன்கிட்ட சைகை காட்டினேன். அவன் கேஜ்ல 90. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே மெதுவா ஏறினோம். அஞ்சு மீட்டர்ல நின்ன அந்த மூணு நிமிஷமும் ஒவ்வொரு மூச்சும் 'இதுதான் கடைசியோ'ன்னு இழுத்தேன். படகுல ஏறி, இன்னொருத்தரோட கேஜை மாட்டிப் பார்த்தா 70 பார். தாராளம்! ஒண்ணுமே நடக்கல. இதுல கதையே இல்லை.

ஆனா 20 பார் இருந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. என்னை உறுத்தறது அதுதான்.

'பேட்டரி மாத்தாதது உன் தப்பு'ன்னு பின்னூட்டம் போடப் போறீங்க. என் தப்புதான், மறுக்கல. ஆனா மறக்கறதுக்கு முள் கேஜ்ல பேட்டரியே இல்லையே ராசா! நான் சோம்பேறி, மறதிக்காரன். விடுமுறைக்கு முக்குளிக்க வர்றவங்கள்ல முக்கால்வாசி என்னை மாதிரிதான். கருவி எங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கணும்.

இப்போ உங்க வாதங்களுக்கு வரேன்.

ஒண்ணு. 'எண் போச்சுன்னா மேல ஏறிட வேண்டியதுதானே?' ஏறலாம். எவ்வளவு காத்தை வெச்சுக்கிட்டு? ஒரு கணக்குப் போடுவோம். 30 மீட்டர்ல ஒருத்தருக்குக் காத்து தீர்ந்துபோய் ரெண்டு பேர் ஒரே சிலிண்டர்ல ஏறணும்னு வைங்க. பதட்டத்துல ஆளுக்கு நிமிஷம் 30 லிட்டர், ரெண்டு பேருக்கு 60. கீழே நிதானத்துக்கு வர ஒரு நிமிஷம், நாலு வளிமண்டலம்: 240 லிட்டர். நிமிஷத்துக்கு 10 மீட்டர்னு மூணு நிமிஷம் ஏற்றம், சராசரி இரண்டரை வளிமண்டலம்: 450. அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷ நிறுத்தம், ஒன்றரை வளிமண்டலம்: 270. மொத்தம் 960 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டர்ல அது 87 பார்! '50 பார் வந்தா மேல வா'ன்னு மந்திரம் மாதிரி கத்துக்கிட்டோமே, அது அங்க பத்தவே பத்தாது. இந்தக் கணக்கு மண்டையில ஓடற ஆளுக்கு எண் போனாலும் பாதகம் இல்லை. ஓடாத ஆளுக்கு எண் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ரெண்டு. 'இன்னும் எத்தனை நிமிஷம் காத்து இருக்குன்னு கம்ப்யூட்டரே சொல்லுதே?' சொல்லுது. என் கம்ப்யூட்டரோட கையேட்டை உக்காந்து படிச்சேன் (ஆமா, நாமளும் படிப்போம்). கடைசி ரெண்டு நிமிஷ மூச்சை வெச்சு அது போடற அனுமானம். நேரா மேல ஏறிப் போறதா ஒரு கணக்கு. அஞ்சு மீட்டர் நிறுத்தம் அதுல சேர்த்தி இல்லை. பக்கத்துல வர்றவனுக்குக் காத்து தீர்ந்தா என்ன ஆகும்ங்கறது சுத்தமா இல்லை. இத்தனை 'இல்லை'யையும் மறைச்சுக்கிட்டு '14 நிமிஷம்'னு அழகா மின்னும். புதுசா வர்ற பையன் அதை வேதவாக்கா எடுத்துப்பான்.

மூணு. இது பலருக்குத் தோணாதது. இறங்கறதுக்கு முன்னாடி முள்ளைப் பார்த்துக்கிட்டே நாலு மூச்சு இழுங்க. வால்வு முழுசாத் திறந்திருந்தா முள் அசையாது. அரைகுறையாத் திறந்திருந்தா ஒவ்வொரு மூச்சுக்கும் முள் கீழே விழுந்து எழுந்திருக்கும். படகு மேலயே குட்டு வெளிப்பட்டுடும். சில விநாடிக்கு ஒருதடவை எண் அனுப்பற டிரான்ஸ்மிட்டர் அந்தத் துள்ளலைத் தவறவிட வாய்ப்பு அதிகம். 20 மீட்டர்ல மூச்சு இழுக்க இழுக்க வராம திணறும்போதுதான் தெரியவரும்.

நாலு. 'கேஜ் வந்தப்பவும் உங்களை மாதிரி கிழங்க முனகியிருப்பாங்க.' இது நல்ல கேள்வி. கேஜ் பரவலாகறதுக்கு முன்னாடி ஜே-வால்வுன்னு ஒண்ணு இருந்தது. காத்து குறைஞ்சா மூச்சு கனக்கும். ஒரு கம்பியைக் கீழே இழுத்தா ஒளிச்சு வெச்ச மிச்சக் காத்து வரும். அந்தக் கம்பி எங்கேயாவது இடிச்சு முன்னாடியே இறங்கியிருந்தா? மிச்சம் எப்பவோ தீர்ந்திருக்கும், ஆளுக்குத் தெரியாது. கேஜ் அந்த இருட்டைப் போக்குச்சு. இல்லாத தகவலைக் கொடுத்துச்சு. அதே தகவலைத்தான் வயர்லெஸ் இன்னும் வசதியாக் கொடுக்குது, கூடவே பேட்டரி, இணைப்பு, பக்கத்துல போற ஸ்கூட்டர் மோட்டாரோட குறுக்கீடுன்னு கெட்டுப்போக நாலு புது வழியையும் சேர்த்து. இது அந்த மாதிரி மாற்றம் இல்லைங்க.

கடைசியா ஒரு புள்ளிவிவரம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கைச் சேர்ந்த டெனோபிள் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு. 1992 முதல் 2003 வரை நடந்த 947 முக்குளிப்பு மரணங்களை அலசினாங்க. எது ஆரம்பிச்சு வெச்சதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்சது 346-ல். அதுல 41 சதவீதம், காத்து போதாமப் போனது. வயர்லெஸ் அபூர்வமா இருந்த காலம் அது, ஞாபகம் இருக்கட்டும். கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் முள் கேஜ்தான் தொங்கியிருக்கும். 'பாத்தியா, உன் முள்ளும் காப்பாத்தலையே'ன்னு துள்ளாதீங்க. நானும் அதைத்தான் சொல்றேன்! முள்ளும் காப்பாத்தாது, வயர்லெஸும் காப்பாத்தாது. பார்க்கற பழக்கம்தான் காப்பாத்தும். அந்தப் பழக்கத்தைத் தின்னுடற கருவியை முதல் நாளே பசங்க கையில கட்டாதீங்கன்னுதான் கெஞ்சறேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிள்ளான்காரர். ரப்பர் தோட்டத்துல பொறந்து வளர்ந்த மனுஷன். முதல் நாளே சொன்னார்: "தம்பி, பார்த்துட்டுச் சொல்லாத. சொல்லிட்டுப் பாரு." தண்ணிக்குள்ள அவர் கேட்டா, முதல்ல எவ்வளவு இருக்கும்னு நாமளே விரல்ல காட்டணும். அப்புறம்தான் கேஜைத் தூக்கிப் பார்க்கணும். தப்பாயிருந்தா தலையில ஒரு தட்டு. பத்து டைவ் கழிச்சு என் அனுமானம் பத்துப் பாருக்குள்ள வந்துடுச்சு. வயர்லெஸ் வாங்கின வருஷத்துல அந்த வித்தை போயே போச்சு. செபேல ரெண்டு கோட்டைப் பார்த்தப்போ அவர் குரல்தான் கேட்டது. கூடவே அந்தத் தட்டும்.

ஊர் திரும்பினதும் அலமாரியில இருந்த முள் கேஜை எடுத்து, புது ஓ-ரிங் போட்டு மாட்டிட்டேன். டிரான்ஸ்மிட்டரும் இருக்கு. புது பேட்டரியோட, சமத்தா. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு இறங்கும்போது ஒருதடவை, பாதியில ஒருதடவை பார்க்கறேன். அதுக்கு முன்னாடி விரல்ல சொல்லிடறேன். பார்க்கறவங்க இவன் தனக்குத்தானே சைகை காட்டறான்னு சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

பி.கு. 1: பேர் சொல்லாம விட்ட நண்பர் கோவிச்சுக்க மாட்டார்னு நம்பறேன். அடுத்த தியோமான் பயணத்துல தே தாரிக் என் செலவு.

பி.கு. 2: கேஜை மாட்டி வால்வைத் திறக்கும்போது கேஜ் முகத்தை உங்க முகத்துக்கு நேரா வெச்சுக்காதீங்க. அபூர்வமா கண்ணாடி தெறிக்கும். முள் கட்சிக்காரனா இருந்தாலும் உண்மையைச் சொல்லணும்ல :-)