அடி மட்டும் ஏன் மங்கலாவதில்லை?



தொலைக்காட்சியில் படம் ஓடுகிறது. கதாநாயகன் சிகரெட் பற்றவைத்தால் அந்த இடம் மங்கலாகிவிடும். மதுப் போத்தல் வந்தாலும் அப்படியே. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டத்துக்குப் பின்னர் எமது நாட்டில் வந்த வழக்கம் இது. நல்லதே. ஆனால் அதே கதாநாயகன் பெண்ணின் கன்னத்தில் அறையும்போது எதுவும் மங்கலாவதில்லை. வேண்டாம் என்றவளைத் தெருத்தெருவாகத் துரத்துவதும், பிறகு அவளே மனம் மாறிக் காதலிப்பதும் பாட்டோடு தெளிவாகக் காட்டப்படுகின்றன.

சினிமாவும் தொலைக்காட்சியும் கெட்டுவிட்டன என்றால் பலர் உடையையும் ஆட்டத்தையுமே குறை சொல்கிறார்கள். எமது கவலை அதைவிடப் பெரியது. அடிப்பது ஆண்மை, பெண்ணுக்குப் பெண்ணே பகை, பணம் இருப்பவன் சொல்வதே நியாயம் என்ற பாடம் தினமும் நடத்தப்படுகிறது. இரவுத் தொடர்களில் மாமியாரும் மருமகளும் மாதக்கணக்கில் சதி செய்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் அங்கே அபூர்வம். சம்பளக் குறைப்பு, அடகுக்கடை, சேமலாப நிதி எதுவும் அந்த வீடுகளுக்குத் தெரியாது. உழைப்பவர் வந்தாலும் சமையற்காரியாகவோ சிரிப்புக்காரனாகவோதான் வருவார்.

1977இலும் 1983இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கு வந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. ஒரு காலத்தில் படம் பார்க்க நகரத்து நெல்சன், சரஸ்வதி தியேட்டர்களுக்குப் போனோம். பிடிக்காவிட்டால் எழுந்து வரலாம். இன்று படம் வீட்டுக்குள் இருக்கிறது. மலையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் வாழும் எமது உறவுகள் எழுந்து எங்கே போவது? அடுப்பு, படுக்கை, தொலைக்காட்சி, பிள்ளையின் பாடப்புத்தகம் எல்லாம் ஒரே இடத்தில். தொடரைத் தாய் பார்க்கிறாள். சதி வசனத்தைப் பிள்ளை மனப்பாடம் செய்கிறது.

‘மக்கள் கேட்பதையே கொடுக்கிறோம், விளம்பரதாரர் விரும்புவதும் அதுதான்’ என்கிறார்கள். இதை நாம் ஏற்கமாட்டோம். சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாகத்தான் ஒலித்தது. ஒரு சாதாரணக் குடும்பத்தின் கதையைக் கேட்க ஊரே வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தது. சினிமாவிலும் 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. 1975இல் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தோட்ட மக்களின் கதையை ‘புதிய காற்று’ என்று படமாக்கினார். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதன் பின் எமது நாட்டுத் தமிழ்ப்படம் பழைய நிலைக்கு எழவே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இன்று இறக்குமதித் தொடர்கள் குடியிருக்கின்றன.

தொலைக்காட்சியைத் தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாள் முழுதும் கொழுந்துக் கூடை சுமந்த தாய் அரைமணி நேரம் கால் நீட்டி எதையாவது பார்ப்பது அவளது உரிமை. அந்த அரைமணி நேரத்தில் அவளை முட்டாளாக்காத ஒன்றைக் கேட்பதும் அவளது உரிமைதான்.

ஆகவே மூன்று விடயங்களை முன்வைக்கிறோம். ஒன்று, அரச தொலைக்காட்சிகளான நேத்ராவும் வசந்தமும் தோட்ட மக்களின் வாழ்வைச் சொல்லும் நாடகத்துக்கு வாரத்தில் அரைமணி நேரமாவது ஒதுக்க வேண்டும். எழுதவும் நடிக்கவும் எமது பிள்ளைகளுக்கு வாய்ப்புத் தர வேண்டும். நாளொன்றுக்கு 1,000 ரூபா கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் அதைப் பெற்ற மக்களிடம் சொல்லக் கதையா இல்லை? இரண்டு, பரீட்சைக் காலத்திலாவது மாலை ஏழு முதல் எட்டு வரை தொலைக்காட்சியை நிறுத்துங்கள். லயத்தில் ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். எல்லோரும் சேர்ந்தே நிறுத்த வேண்டும். மாதர் குழுக்கள் இதை முன்னின்று செய்யட்டும். மூன்று, அடியைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினால் பேசாமல் இருக்காதீர்கள். ‘அது பிழை’ என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். குறிப்பாகத் தகப்பன்மார் சொல்ல வேண்டும்.

சம்பளத்தில் ஒரு ரூபா குறைந்தாலும் கேள்வி கேட்கிறோம். பிள்ளைகளின் மனதில் விழுவதைப் பற்றியும் அதே குரலில் கேட்போம்.