சும்மா உட்கார்ந்திருக்கும் படகு



கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம், வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருவிழாவுக்கு யார் எங்கே நிற்பது என்று பட்டியல் போடும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி வருகிறது. "காவடி, பால்குடம் எடுக்கிறவங்க குளிக்கிற இடத்துல ஆறு பேர் எதுக்கு? கயிறும் டியூபும் வெச்சிக்கிட்டு சும்மாதானே நிக்கிறாங்க? இத்தனை வருஷத்துல ஒண்ணும் நடக்கலையே. நாலு பேர அன்னதானத்துக்கு அனுப்பலாமே." கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அன்னதானத்தில் ஆள் பற்றாக்குறை என்பது உண்மைதான். ஆனால் இதற்கு எங்களிடம் உள்ள பதில் இந்த ஊரில் கற்றதல்ல. அமெரிக்காவில் ஒரு பாலைவன ஆற்றங்கரையில், விசைப்படகுப் பந்தயத்தில் கற்றது. கோயில் பக்கத்தில் போட் ரேஸ் கதையா என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

எங்கள் தொண்டர் குழுவில் மூன்று பேர் எண்பதுகளின் தொடக்கத்தில் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம் படித்தோம். இதை எழுதும் 'நாங்கள்' அந்த மூன்று பேர்தான். இப்போது இரண்டு பேருக்குத் தலை நரைத்துவிட்டது, ஒருவருக்கு நரைக்க முடியே இல்லை.

கொலராடோ ஆற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ராக்கி மலையில் பிறந்து மெக்சிகோ கடல் வரை 2,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழ்ப்பகுதியில் ஒரு கரை கலிபோர்னியா, மறு கரை அரிசோனா. இரண்டு பக்கமும் மொட்டை மலை, மணல், முள்மரம். எங்கிருந்தோ இறங்கி வந்து தண்ணீர் குடிக்கும் காட்டுக் கழுதைகள். அந்தப் பக்கத்தில் இருக்கும் லேக் ஹவாசு சிட்டி என்ற ஊரில் 1994 ஜூன் மாதம் 53 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவாகியிருக்கிறது. நாம் 34 டிகிரிக்கே ஐஸ் கச்சாங் கடையைத் தேடுகிறோம்.

'கொலராடோ' என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறம். ஆனால் நாங்கள் பார்த்த ஆறு பச்சையாக, அடியில் கிடக்கும் கல் தெரிகிற மாதிரி இருந்தது. மேலே வரிசையாக அணைகள். சேறெல்லாம் அங்கேயே தங்கிவிடும். அதில் ஒன்று 1934 முதல் 1938 வரை கட்டிய பார்க்கர் அணை. மொத்த உயரம் 320 அடி, அதில் 235 அடி ஆற்றுப்படுகைக்குக் கீழே புதைந்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது கால்வாசிதான். இந்த அணையைக் கட்டவிடக் கூடாது என்று அரிசோனா ஆளுநர் 1934-இல் மாநிலப் படையையே அனுப்பினார் என்பது தனிக் கதை. அணைக்குக் கீழே இன்னொரு சின்ன அணை வரை சுமார் 25 கிலோமீட்டர் தண்ணீர் தட்டு மாதிரி கிடக்கும். அதற்குப் பெயர் பார்க்கர் ஸ்ட்ரிப். மொஹாவே, செமெஹுவேவி பழங்குடி மக்களின் ஆறு அது. பார்க்கர் ஊரே 1865-இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்குள்தான் இருக்கிறது.

பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் மனிதன் சும்மா இருப்பானா? ராபர்ட் மெக்கலக் என்று ஒரு முதலாளி. மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம் செய்தவர். பிறகு அவுட்போர்டு மோட்டாரும் செய்தார். நம் மீன்பிடிப் படகுகளில் பின்னால் தொங்குமே, அந்த மோட்டார். அதை ஓட்டிப் பரிசோதிக்க இடம் தேடி ஹவாசு ஏரிக்கரைக்கு வந்தவர், அங்கேயே ஓர் ஊரைக் கட்டிவிட்டார். ஊருக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக 1968-இல் பழைய லண்டன் பாலத்தை 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கி, கல் கல்லாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, 1971-இல் பாலைவனத்தில் திறந்துவைத்தார். பணம் இருந்தால் என்னென்ன தோன்றுகிறது பாருங்கள்! அறுபதுகளில் அந்த ஏரியில் அவுட்போர்டு படகுகளுக்குப் பெரிய பந்தயம் நடந்தது. கீழே பார்க்கரில் ஒன்பது மணி நேரப் பந்தயம் நடந்தது. ஒன்பது மணி நேரம் ஓடி முடித்தாலே பெருமை என்கிற அளவுக்கு அதற்குப் பெயர்.

நாங்கள் போனது அந்த மாதிரிப் பெரிய பந்தயத்துக்கு இல்லை. எங்கள் வகுப்பு நண்பனின் அப்பா சேர்ந்திருந்த ஒரு சின்னச் சங்கம் நடத்திய பந்தயம். பீனிக்ஸிலிருந்து மூன்று மணி நேரக் கார் பயணம். அவர் லாரி மெக்கானிக். நாங்கள் நம் ஊர் வழக்கப்படி அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டோம். முதல் நாள் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சங்கத்தில் எல்லோருமே அவரை 'அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

படகு வைத்திருந்தவர்கள் யாரும் மெக்கலக் இல்லை. குழாய் போடுகிறவர், பள்ளி ஆசிரியர், அண்ணன் தம்பியாக டயர் கடை வைத்திருந்தவர்கள். அங்கே எஸ்கே என்று ஒரு வகுப்பு உண்டு. ஸ்கீ என்பதிலிருந்து வந்த பெயர். குடும்பத்தோடு தண்ணீரில் சறுக்கி விளையாட வாங்கிய படகைத்தான் கொஞ்சம் மாற்றிப் பந்தயத்துக்கு விடுவார்கள். பழைய காரிலிருந்து கழற்றிய வி8 இஞ்சினை வீட்டுக் கராஜில் இரவெல்லாம் உட்கார்ந்து பொருத்தியவர்கள் உண்டு. ஜெயித்தால் ஒரு கோப்பை. பணம் கிடையாது. செலவு மட்டும் உண்டு! அந்தச் சத்தம் இருக்கிறதே, மலையில் பட்டுத் திரும்பி வந்து நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொள்ளும். தேர் இழுக்கும்போது உறுமியும் தவிலும் சேர்ந்து அடித்தால் உடம்பில் ஓடுமே ஒரு நடுக்கம், அப்படி.

எங்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது.

அணையில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தக்கபடி தண்ணீரைத் திறப்பார்கள், குறைப்பார்கள். அதனால் ஆறு ஒரே நாளில் ஏறி இறங்கும். காலையில் மூன்றடித் தண்ணீருக்குக் கீழே இருக்கும் மணல்மேடு, மத்தியானம் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது, தண்ணீர் மினுமினு என்று வெயிலில் பளபளக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும் படகு அதில் தட்டினால் படகு நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்கமாட்டார். அதனால் கரையோரம் கோடு போட்ட ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கினால் மிதவைகளை நகர்த்தி ஓடுபாதையை மாற்றுவார்கள். நாங்கள் மூன்று பேரும் மாறி மாறி ஐந்து மணி நேரம் குச்சியைப் பார்த்தோம். ரேஸில் யார் முந்துகிறார் என்பது எங்களுக்குச் சத்தமாக மட்டுமே தெரியும்.

அங்கிளுக்கு அதைவிடப் பெரிய 'சும்மா' வேலை. மீட்புப் படகு. வளைவுக்குக் கொஞ்சம் தள்ளி, மூன்று பேர் உயிர்காப்புச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். தூண்டில் போடக் கூடாது, பீர் குடிக்கக் கூடாது, வெயிலுக்குத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாயக்கூடக் கூடாது. கண் தண்ணீரிலேயே இருக்க வேண்டும். அவரிடம் சொந்தப் படகு இருந்தது, நல்ல படகு. ஆனாலும் ஒரு பந்தயம் விட்டு ஒரு பந்தயம் ஓட்டாமல் இங்கே வந்து உட்காருவார். அந்தச் சங்கத்தில் அதுதான் சட்டம். ஒரு முறை ஓட்டினால் அடுத்த முறை காவல். கோப்பை வாங்கியவருக்கும் விலக்கு இல்லை.

"போரடிக்கலையா அங்கிள்?" என்று கேட்டோம். "நாங்க சும்மா இருந்தா அது நல்ல ரேஸ்" என்றார். அவ்வளவுதான் பதில்.

மத்தியானத்துக்கு மேல் அவருக்கு வேலை வந்துவிட்டது. தட்டை அடி வைத்த படகு ஒன்று, முன்னால் போன படகு கிளப்பிய அலையில் மூக்கு தூக்கி, பக்கவாட்டில் விழுந்தது. ஓட்டியவர் வெளியே பறந்தார். அவர் உடம்பில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு இஞ்சின் உடனே நின்றது. அந்தக் கயிறு இல்லையென்றால் ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவரையே வெட்டியிருக்கும். சிவப்புக் கொடி. எல்லாப் படகும் நின்றது. பாலைவனம் திடீரென்று அமைதியானது. அந்த அமைதியை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அங்கிள் படகு பக்கத்தில் போகும்போதே இஞ்சினை நிறுத்திவிட்டார். ப்ரொப்பெல்லர் சுற்றும் படகோடு தண்ணீரில் கிடக்கிற மனிதர் பக்கம் போகக் கூடாது. இரண்டு பேர் குதித்தார்கள். கையைப் பிடித்துத் தூக்கவில்லை. கழுத்தை அசையாமல் தாங்கி, பலகையை அடியில் செருகி, அப்புறம்தான் மேலே ஏற்றினார்கள். பதற்றமாக ஒரு வார்த்தை கிடையாது. தோள் எலும்பு முறிந்ததோடு அவர் தப்பினார். வெறும் ஆர்வத்தில் யாராவது குதித்து இழுத்திருந்தால் கழுத்து என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலம் கோப்பை கொடுத்தார்கள், கைதட்டினார்கள். மீட்புப் படகில் இருந்தவர்கள் பெயரை யாரும் படிக்கவில்லை. அவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆறிப்போன பர்கரைத் தின்றுகொண்டே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத்தான் கோபம் வந்தது.

இதில் எங்கள் கருத்து என்னவென்று கேட்டால், அந்தப் பந்தயத்தில் மிக உயர்ந்த வேலை அந்த மீட்புப் படகில் இருந்ததுதான். ஓட்டுவது ஆசை. ஓட்டாமல் உட்கார்ந்திருப்பது பொறுப்பு. ஆசைக்கு ஆள் எப்போதும் கிடைக்கும். அந்தச் சங்கம் பிறகு கலைந்துவிட்டது. பெட்ரோல் விலை, காப்புறுதிப் பணம், கரையில் வீடு கட்டியவர்களின் புகார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் நண்பன் எழுதிய கடிதத்தில் வேறு ஒன்று இருந்தது. புதிதாக வந்த பணக்கார உறுப்பினர்கள், காவல் முறை வந்தால் "எங்களுக்குப் பதில் ஆள் வெச்சிக்கோங்க, காசு கொடுத்துடறோம்" என்றார்களாம். முதலில் இரண்டு பேர், பிறகு பாதிப் பேர். காசுக்கு வந்த ஆட்களுக்கு அந்த ஆறு தெரியாது. எந்த மணல்மேடு எப்போது தலை தூக்கும் என்று தெரியாது. அதற்குப் பிறகு சங்கத்துப் பெரியவர்களே பயந்து ஒதுங்கிவிட்டார்கள். காப்புறுதி வந்ததே அதற்கு அப்புறம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

நம் கோயிலிலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "செக்யூரிட்டி கம்பெனிக்கிட்ட கொடுத்துடலாம்." "ஏதாவதுன்னா போம்பாவ கூப்பிட்டா வந்துடுவாங்க." வருவார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் முந்தின இரவு மேலே மலையில் மழை பெய்தால் காலையில் நம் ஆற்றில் எந்தப் படியில் இழுக்கும் என்பது, அதே இடத்தில் பதினைந்து வருடம் நின்ற நம் அண்ணன்களுக்குத்தான் தெரியும். பாலைவன ஆற்றில் அணை திறப்பதற்கு நேரமாவது உண்டு. நம் ஊர் மழைக்கு அதுவும் கிடையாது. ஒன்றும் நடக்காத வருடங்களை அவர்கள் கணக்கில் எழுதுங்கள் ஐயா, அவர்களுக்கு எதிராக எழுதாதீர்கள். அன்னதானத்துக்கு ஆள் வேண்டும் என்றால் மேடைக்குப் பின்னால் போன் பார்த்துக்கொண்டிருப்பவர்களை அனுப்பலாம். (யாரைச் சொல்கிறோம் என்று அவர்களுக்கே தெரியும்.)

இன்னொன்றும் கேட்பீர்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் படகு விட்டுப் பெட்ரோல் எரிப்பது சரியா? நியாயமான கேள்வி. அந்த ஆற்றை நம்பி இன்று சுமார் 4 கோடிப் பேர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் முதல் முறையாக அந்த ஆற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறையை அரசாங்கம் அறிவித்தது. பெரும்பாலான ஆண்டுகளில் அது கடலைத் தொடுவதே இல்லை. படகு தண்ணீரைக் குடிப்பதில்லை, பெரும்பகுதி விவசாயத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் புகையும் எண்ணெயும் புகையும் எண்ணெயும்தான். அந்தப் பந்தயங்கள் அப்படியே திரும்ப வரவேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஹவாசு ஏரியில் இப்போது கூடுகிற படகுகளின் விலையில் இரண்டு கோயில் கட்டலாம். அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

அங்கிள் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மகன் அவருடைய படகை விற்றுவிட்டான். கோடு போட்ட அந்தக் குச்சியை மட்டும் வீட்டுக் கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். போன தீபாவளிக்கு வாட்சப்பில் படம் அனுப்பினான். கீழே சிவப்புச் சாயம் கொஞ்சம் உரிந்திருக்கிறது, கோடுகள் நன்றாகத் தெரிகின்றன.

எண்பதுகளில் அந்தப் பக்கம் படித்தவர்கள், பார்க்கர், ஹவாசு ஆற்றங்கரையில் ரேஸ் பார்த்தவர்கள் நம் அன்பர்களில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் இன்னும் நல்லது. எங்களிடம் இருந்த ஒரே ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டது.