முதல் ரம்பம் எதுவாக இருக்கட்டும்?

குடகின் காபித் தோட்டங்களில் பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிப்பது வழக்கம். அதற்கென முதன்முறையாகச் சங்கிலி ரம்பம் வாங்கும் சிறு தோட்டக்காரர், நாள்தோறும் மரம் வீழ்த்துவோருக்குரிய உயர்விலை இயந்திரத்திற்குக் கடன் பெறத் தேவையில்லை. ஆண்டில் பத்து நாள் வேலைக்கு அது மிகை.

அதற்காக, பெயரறியா மலிவு ரம்பத்தையும் நாடற்க. கார்புரேட்டர் பழுதானால் உதிரிபாகம் கிடைக்காமல் மூலையில் கிடக்கும். அது பணநட்டம் மட்டுமே. அலகின் நுனி மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கி எகிறும் நொடியில், சங்கிலியை நிறுத்த வேண்டியது அதன் தடைக்கருவி. அங்கே சிக்கனம் ஆகாது.

அருகிலுள்ள நகரில் பழுதுநீக்கும் கடையுள்ள நிறுவனத்தின் 16 அங்குலச் சிறு ரம்பமே என் தேர்வு. தலைக்கவசம், கால் காப்புடை இரண்டையும் விலைப்புள்ளியிலேயே சேர்த்துக் கேளுங்கள்.