சலிப்பறைத் தூசும் நம் நெஞ்சும்



பாடசாலையில் நம் பிள்ளைகள் சுவாசத் தொகுதியைப் படமாகக் கீறுகிறார்கள். மூக்கு, தொண்டை, வாதனாளி, இரண்டு நுரையீரல் என்று பெயர் குறித்துப் புள்ளி வாங்குகிறார்கள். அதே நேரத்தில் அந்தப் பிள்ளைகளில் சிலருடைய தாய்மார் பெக்டரிச் சலிப்பறையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் படத்தை இம்முறை நாமும் ஒரு தரம் கீறிப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் காற்று உள்ளே போகிறது. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தாலும் எட்டு மணித்தியாலத்தில் 7200 மூச்சு. மூட்டை தூக்கி, சல்லடை பார்த்து நிற்பவருக்கு இன்னும் கூடும். இவ்வளவு காற்றையும் உடம்பு அப்படியே உள்ளே விடுவதில்லை. பெரிய தூசை மூக்கு மயிரும் சளியும் பிடித்துக்கொள்ளும். தப்பியது வாதனாளியின் ஈரத்தில் ஒட்டும். அங்கே கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் இரவு பகலாக அந்தச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கும் மிஞ்சினால்தான் இருமல் வருகிறது. ஆகவே இருமல் வருவது உடம்பு சோம்பேறியாகிவிட்டதால் அல்ல. காவல்காரன் போடும் சத்தம் அது.

காவல் இருப்பது ஒரு எல்லை வரைக்குந்தான். வாதனாளி இரண்டாகப் பிரிந்து, கிளை கிளையாக இருபது தடவைக்கு மேல் பிரிந்து, கடைசியில் சிற்றறைகளில் முடிகிறது. முப்பது கோடிக்கும் குறையாத சின்னச் சின்னப் பைகள். அவற்றை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் வரும். 10க்கு 12 அடி லயன் காம்பரா ஆறின் தரை அளவு! ஒட்சிசன் குருதிக்குள் போவது இந்தப் பைகளின் மெல்லிய சுவர் வழியாகத்தான். இங்கே பிசிர் கிடையாது. மிக நுண்ணிய தூசு இவ்வளவு தூரம் வந்துவிட்டால் அதை விழுங்கித் தீர்க்கச் சில வெண்கலங்கள் மட்டுமே உண்டு. வருடக்கணக்கில் தூசு வந்துகொண்டிருந்தால் அவையும் தோற்றுப்போகும்.

சலிப்பறையில் பறப்பது என்ன? அடுப்பில் காய்ந்த தேயிலையின் பொடியும், இளங்கொழுந்தின் அடியில் இருக்கும் பூமயிர் உதிர்ந்து வரும் பஞ்சும். மூலையில் குவிந்து கிடக்கும் பஞ்சு நம் கண்ணுக்குத் தெரிகிறது. வெயில் கீற்றில் மட்டும் தெரியும் பொடிதான் நெஞ்சின் அடிவரை போகிறது. முந்தானையும் கைலேஞ்சியும் பெரிய தூசை நிறுத்தும், இதை நிறுத்தாது.

இது நாம் கற்பனையாகச் சொல்வதல்ல. இந்நாட்டின் மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. உரகொட தேயிலைத் தூசால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே எழுதினார். தேயிலைத் தொழிலாளரின் நாட்பட்ட சுவாசக்குழாய் அழற்சியையும் ஆஸ்துமாவையும் பற்றிய அவரது ஆய்வு 1980இல் வெளிவந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனால் நம் அக்காமார் இருமலோடு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் இன்றும் கிடைப்பது ஒரு போத்தல் பாணி மருந்து. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் பதினாறு வருடம் சலிப்பறையில் நின்ற ஒரு அக்கா, இப்போது லயத்துப் படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுகிறார். மேல் மலையில் 6000 அடிக்கு மேலே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசனும் அவ்வளவு குறைவு. நல்ல நெஞ்சு இதைச் சமாளித்துக்கொள்ளும். பழுதுபட்ட நெஞ்சுக்கு அந்த மிச்சம் இல்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் போய்விடும் சார்" என்று அவர் போகாமலே இருந்த வருடங்களை நினைத்தால் நமக்கும் வெட்கமாக இருக்கிறது. சங்கம் அதை முன்பே கேட்டிருக்க வேண்டும்.

நிர்வாகம் என்ன சொல்லும் என்பதும் தெரியும். "லயத்து அடுப்புப் புகைதான் காரணம், பீடிதான் காரணம்." அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஈர விறகுப் புகையில் வரும் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகக் குருதியைப் பிடித்துக்கொள்ளும். பீடியோ, தூசைத் தள்ளும் அந்தப் பிசிர்களையே முடக்கிவிடும். ஆண் தோழர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் புகைபோக்கி இல்லாத காம்பராவைக் கட்டியது யார்? வீட்டில் புகை இருக்கிறது என்பது பெக்டரியில் தூசு இருப்பதற்கு நியாயம் ஆகாது.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைப் பெக்டரிக்கும் பொருந்தும். கெடுதி செய்யும் தூசைத் தொழிலாளர் உள்ளே இழுக்காதபடி தடுப்பது பெக்டரி நடத்துபவரின் பொறுப்பு. முகமூடி கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. சல்லடைக்கு மேலேயே தூசை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும் குழாயும் வேண்டும், அவை ஓடவும் வேண்டும். நின்றுபோன விசிறியைக் காட்டிப் பரிசோதகரை அனுப்பிவைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டுவது தூசை மறுபடியும் எழுப்பும். முகத்தோடு ஒட்டி நிற்கும் முகமூடி இதற்கெல்லாம் பிறகுதான்.

நாம் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சலிப்பறையிலும் பொதி கட்டும் இடத்திலும் வேலை செய்பவர்கள் பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம் வந்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். வேலை நாள் இரவில் கூடி, லீவு நாளில் குறைகிறதா என்று கட்டாயம் குறியுங்கள். வேலையால் வரும் ஆஸ்துமாவுக்கு அது முக்கிய அடையாளம், வைத்தியரும் முதலில் அதைத்தான் கேட்பார். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் அரசாங்க மார்புச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். காச நோயா இல்லையா என்று முதலில் தெரிய வேண்டும்.

அங்கே போகும் நாளுக்கு முழுப்பேர், சலிப்பறையில் ஓடும் விசிறி, வருடத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் பரிசோதனை. அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த மூன்றையும் வைக்கிறோம். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கையோடு கொண்டு வாருங்கள்.