ஆபீஸுக்கு இன்டர்நெட் போன்: நம்பர் யார் கையில் இருக்கும்?

பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ். வாடிக்கையாளர்களின் மொபைலில் சேமித்திருப்பது யாருடைய நம்பர்? பெரும்பாலும் விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒருவரின் சொந்த நம்பர். அவர் வேலையை விட்டுப் போகும்போது, வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுகிறார்கள். "எப்பவும் அவர்கிட்டதானே பேசுவோம், அவருக்கே அடிச்சுட்டோம்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த இழப்பைப் பார்த்த பிறகுதான் பல முதலாளிகள் இன்டர்நெட் போன் பக்கம் வருகிறார்கள். ஒரே நம்பர், அதற்குள் பத்து எக்ஸ்டென்ஷன். ஒருவர் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குப் போகும். யார் எப்போது அழைத்தார் என்ற பதிவு ஆபீஸிலேயே இருக்கும். ஆனால், விற்க வருபவர் இதைப் பற்றிப் பேசுவதில்லை. "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" குரலையும், கலர் கலரான டேஷ்போர்டையும் காட்டுகிறார். பத்துப் பேர் இருக்கும் ஆபீஸுக்கு அதெல்லாம் கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நம்பர் யார் பெயரில் இருக்கும்?

மொபைல் நம்பரை 2011 முதல் நாடு முழுக்க கம்பெனி மாற்றி எடுத்துக்கொண்டு போகலாம். லேண்ட்லைன் நம்பருக்கு இந்தியாவில் அந்த வசதி இல்லை. 044, 0422 என்று தொடங்கும் நம்பரை வாங்கி, போர்டு, விசிட்டிங் கார்டு, கூகுள் மேப் எல்லாவற்றிலும் போட்ட பிறகு சேவை பிடிக்காமல் போனால், நம்பரை விட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். கிளவுட் நிறுவனங்கள் சில, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தங்கள் பெயரில் வாங்கிய நம்பரையே வாடிக்கையாளருக்குக் கொடுக்கின்றன. அந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும்? ஸ்கைப்பே 2025 மே 5-ம் தேதி மூடப்பட்டது. அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. எனவே இணைப்பு ஆபீஸின் பெயரில், ஆபீஸின் ஜிஎஸ்டி எண்ணில் பதிவாகுமா என்று எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால், அடுத்தவரைப் பார்க்கலாம்.

நம்பர் பறிபோக இன்னொரு வழியும் உண்டு. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்புகள் போடுபவர்களின் இணைப்புகள் எல்லாவற்றையும் துண்டித்து, 2 ஆண்டுகள் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் டிராய் உத்தரவிட்டது. புதிதாக வந்த பையன் ஆர்வக்கோளாறில் ஆபீஸ் லைனிலிருந்தே தினம் இருநூறு பேருக்கு 'ஆஃபர்' சொல்லத் தொடங்கினால், போவது ஆபீஸின் நம்பர்.

'ரொம்ப சீப்' வலையும் இருக்கிறது. வெளிநாட்டு அழைப்புகளை இன்டர்நெட் வழியே கொண்டுவந்து, சிம் பாக்ஸ் மூலம் உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவது சட்டவிரோதம். அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை தந்தால், 2023-ம் ஆண்டு சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கட்டணம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், பின்னால் எந்த லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

'எங்க நெட் 200 எம்பிபிஎஸ், அப்புறம் ஏன் குரல் உடையுது?'

வேகம் இருந்தும் பேச்சு வெட்டி வெட்டி வருகிறது என்பது பரவலான புலம்பல். ஓர் அழைப்புக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கேபிபிஎஸ்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டு, நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில் போகிறது. அவை சீரான இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒரு முனையில் பேசியது மறுமுனைக்குப் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அதே லைனில் சிசிடிவி காட்சிகள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. இன்னொருவர் பெரிய ஃபைல் ஒன்றை டிரைவில் ஏற்றுகிறார். ரவுட்டர் வாசலில் வரிசை நீள்கிறது. லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டியதுபோல் குரல் நிற்கிறது. குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு ரவுட்டரில் இருந்தால் அதை ஆன் செய்தாலே பாதிப் புலம்பல் குறையும். மேஜை போனுக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுத்துவிடலாம். இதைச் செய்யாமல் பிளானை மட்டும் 300-க்கு ஏற்றுவது வீண் செலவு.

கரன்ட் போனால்? பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. வீடே இருட்டானாலும் போன் அடித்தது. இன்டர்நெட் போனில் மோடம், ரவுட்டர், சுவிட்ச் எல்லாவற்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடும் ஆபீஸ்கள்தான் அதிகம்.

பெட்டியா, கிளவுடா?

ஆபீஸிலேயே சொந்தமாக ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டி வைக்கலாம். 1999-ல் வந்த ஆஸ்டரிஸ்க் போன்ற மென்பொருள் இலவசம்தான். ஆனால், அதைக் காக்க ஆள் வேண்டும். எளிதான பாஸ்வேர்டோடு இன்டர்நெட்டில் திறந்து கிடக்கும் பெட்டிகளைத் தேடி, இரவும் பகலும் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. உள்ளே புகுந்தால் சனி, ஞாயிறில் வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். பில் வரும்போதுதான் தெரியும். எந்த வழியில் போனாலும் ஐஎஸ்டி வசதியைத் தேவைப்படாதவரை மூடி வைப்பது புத்திசாலித்தனம்.

ஒரே ஒரு லைன் போதும் என்றால், ஃபைபர் இணைப்போடு வரும் லேண்ட்லைனே போதுமானது. அதற்குமேல் தேவைப்படும், தனியாக ஐடி ஆள் இல்லாத ஆபீஸுக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை கேட்டாலும் கிளவுட்தான் சரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் சேர்ந்தே போயின. அந்த மாதிரி நாளில் ஆபீஸ் பெட்டி செத்துவிடும். கிளவுடில் இருந்தால், மதுரையிலோ கோவையிலோ வீட்டில் இருக்கும் ஊழியரின் மொபைல் ஆப்பில் அதே நம்பர் அடிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் சோதனைக்குக் கேட்கலாம். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, சிசிடிவியும் பேக்கப்பும் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிப் பார்க்க வேண்டும். பிறகு மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து ஆபீஸ் நம்பருக்கு அடித்துப் பார்க்க வேண்டும். யாருடைய மொபைலாவது அடிக்கிறதா? அடிக்காவிட்டால் பணம் கட்ட அவசரமில்லை. அடித்தாலும், பழைய லேண்ட்லைனை உடனே சரண்டர் செய்யாமல், புது நம்பருக்குத் திருப்பிவிட்டு ஒரு வருஷமாவது வைத்திருக்கலாம்.